மலைக்கிடங்குகளுக்கும் உணவுத் தொழிற்கூடங்களுக்கும் பூச்சிக் கட்டுப்பாட்டு முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: நீலகிரிக்கான முழுமையான வழிகாட்டி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ உணவுப் பொருள் கிடங்கு நடத்துகிறவர்கள், வண்டோ எலியோ கண்ணில் பட்டவுடன் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது, மலையில் பல ஆண்டுகளாகக் கிடங்குகளைச் சோதித்துவரும் அனுபவத்தில் நான் அடைந்த முடிவு. மேட்டுப்பாளையத்தில் சரியாக வேலை செய்யும் ஒரு முறை, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் மேலே, 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம். மருந்து கலப்படமானது என்றோ, அடித்தவர் ஏமாற்றிவிட்டார் என்றோ உடனே நினைக்கிறோம். பல இடங்களில் உண்மையான காரணம் குளிரும் ஈரமும்தான். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் சமவெளியின் அட்டவணையை அப்படியே மலைக்கு ஏற்றிவிட்டோம்.

முதல் படி: வந்திருப்பது எது, எதன் வழியாக வந்தது

பூச்சியின் பெயர் தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. மாவிலும் ரவையிலும் காணப்படும் செம்பழுப்பு நிறமுள்ள தட்டையான வண்டு சிவப்பு மாவு வண்டு. அரிசியையும் கோதுமையையும் துளைத்து உள்ளே முட்டையிடுவது, நீண்ட மூக்குள்ள கூன்வண்டு. மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள் போன்ற மசாலாப் பொருள்களைத் துளையிடுவது பெரும்பாலும் சிகரெட் வண்டு. முந்திரி, பாதாம், உலர்திராட்சை ஆகியவற்றில் மெல்லிய நூலாம்படை படர்ந்திருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு விட்டுச்சென்ற அடையாளம். உதகையின் சாக்லேட் தயாரிப்பாளர்களுக்கு வரும் தொல்லையில் கணிசமான பகுதி சாக்லேட்டிலிருந்து தொடங்குவதில்லை, அதில் சேர்க்கும் பருப்புகளோடுதான் உள்ளே வருகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் காபிக் கொட்டையிலும், பழனி மலையின் தாண்டிக்குடி போன்ற ஊர்களின் காபியிலும், உலர்த்துதல் குறைவாக இருந்தால் காபிக் கொட்டை வண்டு வந்துவிடும்.

தேயிலைத் தூளைப் பொறுத்தவரை நிலை வேறு. டிரையரிலிருந்து சுமார் 3 சதவீத ஈரத்தோடு வெளிவரும் தூளில் தானிய வண்டுகள் பெருகுவது அரிது. தேயிலைத் தொழிற்சாலையின் கவலை எலி, கரப்பான், மரச்சட்டங்களைத் தின்னும் கறையான், விளக்கைத் தேடி வந்து தூளில் விழும் பறக்கும் பூச்சிகள் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். மாவுக் கிடங்குக்கு எழுதப்பட்ட ஒப்பந்தத்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்படியே நிறைவேற்றுவது பணவிரயம் மட்டுமல்ல, தீங்கும்கூட. தேயிலை எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தூள் அடுக்கிய அறையில் நாப்தலின் உருண்டை போட்டால் அந்த மணம் கோப்பை வரைக்கும் வந்து நிற்கும்.

மலையில் கோதுமையும் அரிசியும் பருப்பும் பெரிய அளவில் விளைவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கிடங்குகளில் இருப்பவை பெரும்பாலும் கீழேயிருந்து லாரியில் ஏறி வருபவை. எனவே பூச்சியின் முதல் வாசல் சரக்கு இறங்கும் இடம். ஒவ்வொரு லோடிலும் சில மூட்டைகளைத் தையல் ஓரத்தில் உதறிப் பார்ப்பது, ஓரிரு கிலோவை எடுத்துச் சலித்துப் பார்ப்பது, உயிருள்ள வண்டு இருந்தால் லோடையே தனியறையில் நிறுத்துவது என்ற மூன்றும் பழக்கமாகிவிட்டால், ஆண்டு முழுவதும் செலவிடும் மருந்துப் பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும்.

இரண்டாம் படி: வெப்பமானியோடு கிடங்கைச் சுற்றிவருதல்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியை. சிவப்பு மாவு வண்டு பெருக ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். 30 டிகிரிக்கு மேல் அது மிக விரைவாகப் பெருகும். கூன்வண்டு 15 டிகிரி வரை தாங்கும் என்றாலும் அந்தக் குளிரில் அதன் வளர்ச்சி மிக மெதுவாக இருக்கும். உதகையில் வெயில் படாத ஒரு மாவறை ஆண்டின் பெரும்பகுதி இந்த எல்லைகளை ஒட்டியோ அவற்றுக்குக் கீழேயோதான் இருக்கிறது. அப்படிப்பட்ட அறையில் வண்டு தொடர்ந்து பெருகுகிறது என்றால் இரண்டில் ஒன்று உண்மை: அது வாராவாரம் புதிய சரக்கோடு வந்துகொண்டிருக்கிறது, அல்லது கட்டடத்துக்குள் எங்கோ ஒரு கதகதப்பான மூலை இருக்கிறது.

ஒருமுறை உதகையில் வர்க்கி தயாரிக்கும் ஒரு பேக்கரியில், மூன்று மாதம் தொடர்ந்து மருந்து அடித்தும் வண்டு குறையவில்லை என்று அழைத்திருந்தார்கள். மூட்டைகளைச் சலித்துப் பார்த்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைத்தது. வெப்பமானி மாவறையில் 16 டிகிரி காட்டியது. பிறகு அடுப்பின் பின்சுவரை ஒட்டிய மர அலமாரிக்கு அருகில் வைத்தபோது 29 டிகிரிக்கு ஏறியது. அலமாரியின் அடிப்பலகையைக் கழற்றியதும், ஒரு விரற்கடை உயரத்துக்குப் படிந்து கட்டிப்பட்ட மாவு, இளஞ்சிவப்பு நிறமேறி, மூக்கைக் குத்தும் நெடியோடு வெளிப்பட்டது. அந்த நிறமும் நெடியும் மாவு வண்டு சுரக்கும் வேதிப்பொருளால் உண்டாகிறவை. ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. மாவைச் சுரண்டியெடுத்து, இடுக்குகளை உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்து, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தார்கள். அதன் பிறகு மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே, சாய்த்துப் பிடித்த டார்ச் விளக்கும், ஈரப்பதமும் காட்டும் ஒரு வெப்பமானியும் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். அடுப்புச் சுவர், டிரையர் அறை, கொதிகலன் குழாய் செல்லும் பாதை, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், மின் பலகைகளின் உட்புறம், சலிப்பான்களின் அடிப்பகுதி ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவு வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும் உரிய இனக்கவர்ச்சிப் பொறிகளை (அந்தந்தப் பூச்சி தன் இனத்தை ஈர்க்கச் சுரக்கும் மணத்தை வைத்துப் பிடிப்பவை) அந்த இடங்களுக்கு அருகில் வைத்து, வாரந்தோறும் எண்ணிக்கையை எழுதுங்கள். பொறி பூச்சியை ஒழிக்காது. அது எங்கே இருக்கிறது என்று காட்டும். இரண்டு மாத எண்ணிக்கை கையில் இருந்தால் எந்த ஒப்பந்தக்காரரோடும் தெளிவாகப் பேச முடியும்.

ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடலூரில் தென்மேற்குப் பருவமழையின்போதும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழையின்போதும் கிடங்குச் சுவர்கள் வியர்த்து நிற்கும். அப்போது மூட்டைகளின் மீது மண்தூள்போல ஊர்கின்ற மிகச் சிறிய புத்தகப் பேன்களும் சிலந்திப்பேன் வகைகளும் தோன்றும். இவற்றுக்கு மருந்து தேடுவது வீண்வேலை. காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து வைத்திருந்தால் புத்தகப் பேன் தானாகவே மாண்டுபோகும். ஈரம் நீக்கும் இயந்திரம், கூரை ஒழுகலைச் சரிசெய்தல், மூட்டைகளைச் சுவரிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளிப் பாலெட் மீது அடுக்குதல் ஆகியவையே இங்கே சிகிச்சை. இந்த ஈரத்தின் காரணமாகவே, டயாட்டம் மண்தூளை (நுண்பாசிகளின் புதைபடிவத் தூள்) மலைக்கிடங்குகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகைச் சிதைத்து உடலை உலர்த்திக் கொல்வது அதன் இயல்பு. காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த வேலை நடப்பதில்லை.

மூன்றாம் படி: எலிக்கு முதலில் கொத்தனாரும் தச்சரும்

எலியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: உள்ளே நஞ்சு வேண்டாம். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் மரத்தளங்களிலும், தகரக் கூரை சுவரோடு சேரும் இடத்திலும், ஷட்டர் கதவின் அடியிலும் அதைவிடப் பெரிய இடைவெளிகள் ஏராளமாக உண்டு. கதவடியில் உலோகப் பட்டை, குழாய் நுழையும் துளைகளில் கம்பி வலையும் சிமெண்டும், வடிகால் வாய்களில் இரும்புச் சல்லடை என்று அடைத்துவிட்டு, உட்சுவரை ஒட்டியும் வாசலின் இரு புறங்களிலும் அடிக்கும் பொறிகளையோ, பல எலிகளைப் பிடிக்கும் கூண்டுப் பொறிகளையோ வைக்க வேண்டும். பசை அட்டையில் ஒட்டிய எலி பல மணி நேரம் வதைபட்டுச் சாகிறது. வேறு வழிகள் இருக்கும்போது அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நஞ்சுணவு வைத்தே ஆக வேண்டும் என்றால் அது கட்டடத்துக்கு வெளியே, பூட்டுள்ள, எண்ணிட்ட, தரையோடு பொருத்திய பெட்டிக்குள் மட்டும் இருக்க வேண்டும். 0.005 சதவீத புரோமடியோலோன் கட்டி பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. இது இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள்கள் கழித்தே எலியைக் கொல்லும். அதற்குள் அந்த எலி வெளியே தள்ளாடிக்கொண்டு திரியும். நம் ஊரில் அதைப் பிடித்துத் தின்ன ஆந்தையும் கீரியும் சிறுத்தைப்பூனையும் காத்திருக்கின்றன. 1986இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட மலையில் இருக்கிறோம். தோட்டத்து எலிகளை இலவசமாகக் கட்டுப்படுத்தும் ஆந்தையை நாமே கொல்வது நமக்கே நட்டம். சோலையையோ தேயிலைத் தோட்டத்தையோ ஒட்டிய கட்டடங்களில் பொறியோடு நிறுத்திக்கொள்வதே சரி.

குரங்கும் கரடியும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் சேராதவை. கோத்தகிரிப் பக்கம் வெல்லத்துக்கும் எண்ணெய்க்கும் கதவை உடைத்து வரும் கரடியைத் தடுக்க, கழிவுத் தொட்டியை மூடிவைப்பதும் இரும்புக் கதவும்தான் வழி. அதற்கு மேல் எதுவானாலும் வனத்துறையை அழைக்க வேண்டும்.

நான்காம் படி: பொருளுக்கும் கட்டடத்துக்கும் ஏற்ற முறை

இவ்வளவுக்குப் பிறகும் பூச்சி நீடித்தால்தான் சிகிச்சை முறையைப் பற்றிப் பேச வேண்டும்.

தயாரிப்புக் கூடத்தில் கரப்பான் இருந்தால் ஜெல் முறையே முதல் தேர்வு. ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதம் கொண்ட ஜெல்லை, கீல்களிலும் இடுக்குகளிலும் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும். காற்றில் துளி பறப்பதில்லை, உற்பத்தியையும் நிறுத்த வேண்டியதில்லை. ஈக்கும் விட்டிலுக்கும் புற ஊதா விளக்குப் பொறி பொருந்தும். பூச்சியைப் பொசுக்கிச் சிதறடிக்கும் மின்கம்பி வகையை உணவு திறந்திருக்கும் இடத்தில் வைக்காமல், பசைத்தாள் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஒளி வெளியே தெரியாதபடி வையுங்கள். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஏனெனில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையாமலே புற ஊதாக் கதிர் குறைந்துபோகும்.

சுவரிலும் தரையிலும் தெளித்தால் அங்கேயே பல நாள் தங்கி வேலை செய்யும் எச்சமருந்துகள் மூட்டைக் கிடங்குக்கு உரியவை. தானியக் கிடங்குகளில் வழக்கமாக உள்ள அளவு, டெல்டாமெத்ரின் 2.5 சதவீத நனையும் தூள் என்றால் லிட்டருக்கு 40 கிராம். அந்தக் கரைசலை 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெளிப்பார்கள். மாலத்தியான் 50 ஈசி (நீரில் கலந்து தெளிக்கும் 50 சதவீதத் திரவம்) என்றால் லிட்டருக்கு 10 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பிசையும் மேசை, சலிப்பான், தேயிலை வாட்டும் தொட்டி ஆகியவை இருக்கும் கூடத்துக்குள் இவை எதுவும் வரக்கூடாது. வாட்டும் தொட்டியின் விசிறி அறைக் காற்று முழுவதையும் இலை வழியாகவே தள்ளுகிறது. அறையில் தெளித்தது இலையில்தான் வந்து சேரும், எச்சச் சோதனையில் அது வெளிப்பட்டும் விடும். பழைய பழக்கத்தில் டைக்குளோர்வாஸ் அடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டிருக்கிறது.

சிறிய அளவிலான விலையுயர்ந்த பொருள்களுக்குக் குளிரே நல்ல மருந்து. சாக்லேட்டுக்கான பருப்பைக் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் முட்டை உட்பட எல்லாப் பருவங்களும் மடியும். வெளியே எடுத்ததும் கட்டைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் பருப்பின் மீது ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். கட்டடத்தையே 50 முதல் 60 டிகிரி வரை ஒரு நாள் முழுவதும் சூடாக்கும் முறை மாவு ஆலைகளுக்குச் சிறந்தது என்றாலும், தகரக் கூரையும் மரத்தளமும் உள்ள மலைக்கட்டடங்களில் சூடு நிற்காது; குளிர்ந்த மூலைகளில் வண்டு தப்பிவிடும். தனி இயந்திரத்தையோ சிறு அறையையோ சூடாக்குவதற்கு இம்முறையை வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, "மாத்திரை போடுதல்" என்று கிடங்குக்காரர்கள் சொல்லும் பாஸ்பைன் புகையூட்டம். மூட்டை அடுக்கின் உள்ளே, தானியத்துக்குள் இருக்கும் புழு வரை சென்று கொல்லும் முறை இது. அதே அளவுக்கு ஆபத்தானதும் இதுவே. 3 கிராம் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து 1 கிராம் பாஸ்பைன் வாயுவை வெளியிடும். மூடாக்கு (வாயு வெளியேறாதபடி போர்த்தும் விரிப்பு) விரித்த அடுக்குக்கு டன்னுக்கு 3 மாத்திரை, 7 நாள் என்பது சமவெளியின் வழக்கம். மலையில் இரண்டு மாற்றங்கள் தேவை. குளிரில் மாத்திரை மெதுவாகச் சிதைகிறது, பூச்சியும் மெதுவாக மூச்சுவிடுகிறது. எனவே அடுக்குக்குள் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலத்தில் குறைந்தது 10 நாளாவது மூடிவைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியின் உறைபனிக் காலத்தில் உதகையில் இந்த முறையைத் தள்ளிவைப்பது நல்லது. முடிந்தால் சரக்கை மேலே ஏற்றுவதற்கு முன்பே, மேட்டுப்பாளையத்தின் வெப்பத்தில் இந்தச் சிகிச்சையை முடித்துவிடுவதே எல்லாவற்றிலும் சிறந்தது. இரண்டாவதாக, நாள் கணக்கை மட்டும் நம்பாமல் வாயு அளவியால் தினமும் அளக்க வேண்டும். கடைசி நாளிலும் அளவு 200 பி.பி.எம்.க்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு) குறையாமல் இருந்தால்தான் நம்பலாம். மூடாக்கில் ஒரு கிழிசல் இருந்தால் பாதி வண்டு பிழைத்து, அடுத்த முறை எதிர்ப்பாற்றலோடு வரும். இந்தியாவின் பல பகுதிகளில் மாவு வண்டு பாஸ்பைனுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பதற்கு இப்படிப்பட்ட அரைகுறைச் சிகிச்சைகளும் காரணம்.

எந்தக் கட்டடத்தில் இதைச் செய்யவே கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்கிறேன். மலைச்சரிவில் இடம் குறைவு என்பதால், நம் கடைவீதிகளில் கிடங்கும் குடியிருப்பும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. சில இடங்களில் கிடங்கின் மரக்கூரையே மேல்வீட்டின் தரை. அப்படிப்பட்ட இடத்தில் பாஸ்பைன் எக்காரணத்தாலும் வேண்டாம். இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்பு எல்லையே 0.3 பி.பி.எம். தான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் உறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழந்தைகள் உயிரிழந்ததை நாம் எல்லோரும் படித்தோம். மாற்று வழி, சரக்கைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றிச் சிகிச்சை செய்வது, அல்லது காற்றுப்புகா உறைகளில் அடைத்துக் கரியமில வாயு ஏற்றுவது. இரண்டாவது முறைக்கும் கதகதப்பும் அதிக நாள்களும் வேண்டும் என்றாலும், பக்கத்து வீட்டுக்கு அதனால் வரும் ஆபத்து மிகக் குறைவு.

மெத்தில் புரோமைடைப் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் அது இப்போது ஏற்றுமதி, இறக்குமதித் தொற்றொழிப்புக்கு மட்டுமே உரியது. ஏற்றுமதிக்கு மரப் பாலெட் அனுப்புகிறவர்கள், மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பொதிகளுக்கான சர்வதேச விதி) முத்திரை உள்ள பாலெட்டை வாங்கினால் அந்த வாயுவின் தேவையே எழாது.

ஐந்தாம் படி: ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியவை

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பெற்ற உரிமத்தை முதலில் கேளுங்கள். அலுமினியம் பாஸ்பைடு கையாள அது மட்டும் போதாது. பயிர்ப் பாதுகாப்பு ஆலோசகரின் ஒப்புதல் பெற்ற, பயிற்சியுள்ள ஆட்கள் வேண்டும். மருந்தின் பெயர், பதிவு எண், செறிவு, தெளிக்கும் இடம் ஆகியவை எழுத்தில் வரட்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் அதற்கான பதிவேடுகளையும் எதிர்பார்க்கிறது. ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பதும் அந்தக் கோப்பைத்தான். "மாதம் ஒரு ஸ்பிரே" என்று மட்டும் எழுதிய விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். பொறிகளின் எண்ணிக்கையைப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் சிகிச்சை செய்யச் சம்மதிப்பவரே உங்களுக்கு ஏற்றவர்.

புகையூட்ட நாளில் நீங்களே அங்கே இருங்கள். 20 டன் அடுக்குக்கு 60 மாத்திரை என்றால் அறுபதையும் எண்ணிப் பாருங்கள். காலிக் குப்பிகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மூடாக்கைப் பிரிக்கும் நாளில் வாயு முகமூடி அணிந்த, பயிற்சி பெற்றவர்கள் மட்டும் உள்ளே செல்ல வேண்டும். கதவு, சன்னல்களை முழுவதும் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகு, அளவி 0.3க்குக் கீழே காட்டும் வரை சுமைதூக்குபவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது. குளிரில் சிதைந்த மாத்திரைச் சாம்பலில் மிச்ச மருந்து தங்கியிருக்கும் என்பதால், அதைப் பெருக்கிக் குப்பையில் கொட்டாமல் ஒப்பந்தக்காரரே பாதுகாப்பாக எடுத்துச் செல்வார் என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். மூடாக்கு எடுத்த மறுநாளே அதே இடங்களில் இனக்கவர்ச்சிப் பொறிகளை மீண்டும் வைத்து, அடுத்த ஆறு வாரங்களுக்கு எண்ணிக்கையை எழுதி வாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை அந்த ஆறாவது வார எண்ணிக்கையைப் பார்த்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.